மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் கருத்தரிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தேதி தவறாமல் பீரியட்ஸ் வருகிறவர்களுக்கே அந்தக் கேள்வி பாரம். நாற்பது நாளுக்கு ஒருமுறை, அறுபது நாளுக்கு ஒருமுறை என்று வருகிறவர்களுக்கோ, நாள் தள்ளும்போதெல்லாம் ஒரு நம்பிக்கை, பிறகு ஒரு ஏமாற்றம். இன்னொரு பக்கம், "எனக்குத்தான் ஒழுங்காகவே வராதே, எங்கே தங்கப்போகிறது" என்று இருந்துவிட்டு, நான்காம் மாதத்தில் கர்ப்பம் தெரிந்து திகைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். மருத்துவரைப் பார்க்கும் முன் விஷயம் தெரிந்துகொள்ளத்தான் இவை. இதை வைத்து மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்க வேண்டாம்.

எனக்கு பீரியட்ஸ் ஒழுங்காக வராது. குழந்தை பிறக்குமா?

பெரும்பாலானவர்களுக்குப் பிறக்கும். சிலருக்குத் தானாகவே, சிலருக்குச் சிறிய சிகிச்சையோடு.

கர்ப்பத்துக்குத் தேவை கருமுட்டை வெளியாவது. மாதவிடாய் அதற்குப் பின்னால் வருவது. பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வருகிறது என்றால், பல நேரங்களில் கருமுட்டை தாமதமாக வெளியாகிறது என்று பொருள். சில சுழற்சிகளில் வெளியாகாமலும் போகலாம். ஆக, உங்களுக்கு வாய்ப்பே இல்லை என்பதல்ல, வருடத்தில் கிடைக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. 28 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு வருடத்தில் 13 சுழற்சி. 45 நாளுக்கு ஒருமுறை வந்தால் 8 சுழற்சிதான். அதிலும் ஒன்றிரண்டில் முட்டை வெளியாகாவிட்டால் இன்னும் குறையும். அக்காவுக்கு நாலே மாதத்தில் தங்கியது உங்களுக்கு ஒரு வருடம் ஆவதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணமாக இருக்கலாம்.

எத்தனை நாள் வித்தியாசம் வந்தால் 'ஒழுங்கற்றது' என்று எடுத்துக்கொள்வது?

பீரியட்ஸ் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணுங்கள். அங்கிருந்து அடுத்த பீரியட்ஸ் தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை ஒரு சுழற்சி. முடிந்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அப்படி எண்ணினால் ஒவ்வொரு கணக்கும் நாலைந்து நாள் பிசகும். 21 முதல் 35 நாள் வரை சாதாரணம். ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 31 என்று வருவதை ஒழுங்கற்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொடர்ந்து 35 நாளைத் தாண்டினாலோ, 21 நாளுக்குள் வந்தாலோ, ஒரு தடவை 26, மறு தடவை 48 என்று குதித்தாலோ கவனிக்க வேண்டும்.

வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் தாறுமாறாக வருவது இயல்பு. அந்தப் பெண்பிள்ளைகளை "இவளுக்கு நாளைக்குக் குழந்தை நிற்குமா" என்று பயமுறுத்துகிற பெரியவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

14ஆம் நாளில் கருமுட்டை வெளியாகும் என்கிறார்களே?

28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு ஏறக்குறைய அப்படி. மற்றவர்களுக்குப் பொருந்தாது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சுழற்சியில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில் சினைப்பைக்குள் முட்டை வளர்கிறது. அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். முட்டை வெளியானதும் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. அது பெரிதாக மாறாது, சுமார் இரண்டு வாரம். கர்ப்பம் தங்காவிட்டால் அதன் முடிவில் பீரியட்ஸ். அதனால்தான் முட்டை வெளியாகும் நாளை முன்னாலிருந்து எண்ணக் கூடாது, அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 42 நாள் சுழற்சியில் அது 14ஆம் நாள் அல்ல, 28ஆம் நாளை ஒட்டி.

சிக்கல் எங்கே என்றால், அடுத்த பீரியட்ஸ் எப்போது வரும் என்று தெரியாதவர்களால் பின்னோக்கி எண்ண முடியாது. போன மூன்று சுழற்சிகள் 33, 47, 38 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வெளியான நாட்கள் தோராயமாக 19, 33, 24. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும்; முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான். ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமாகச் சேர்த்து ஆறு நாட்களே கருத்தரிக்கும் நாட்கள். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அந்த ஆறு நாட்கள் 14ஆம் நாளுக்கும் 33ஆம் நாளுக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். இருபது நாள் இடைவெளி! 14ஆம் நாளை மட்டும் குறிவைத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் தவறவிடுவார்.

ஒழுங்காக வருகிறவர்களுக்கும் இது கல்லில் எழுதியதல்ல. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், 10 முதல் 17ஆம் நாளுக்குள் தங்கள் கருத்தரிக்கும் நாட்கள் முழுதும் அடங்கிய பெண்கள் சுமார் 30 சதவீதம் பேர்தான்.

அப்படியென்றால் எந்த நாளில் கணவனும் மனைவியும் சேர வேண்டும்?

நாள் பார்க்கவே வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மாதம் முழுவதும். விந்தணு சில நாட்கள் உயிரோடு இருப்பதால், எந்த நாளில் முட்டை வெளியானாலும் அங்கே விந்தணு இருக்கும்.

"டாக்டர் சொன்ன தேதி இது" என்று இருவரும் பரீட்சைக்குப் போவதுபோல் படுக்கைக்குப் போனால் அதுவே மன இறுக்கமாகிவிடும், முக்கியமாக ஆண்களுக்கு. வெளியூரில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிற கணவன் என்றால் நிலைமை வேறு. அவர்கள் கீழே சொல்கிற அறிகுறிகளைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். குழந்தை தங்காததற்குப் பிரிந்து வாழ்வதே காரணமாக இருக்கும்போது மனைவியை மட்டும் ஸ்கேன் ஸ்கேனாக எடுக்க வைப்பதில் நியாயமில்லை.

போனில் உள்ள பீரியட்ஸ் ஆப் காட்டும் நாளை நம்பலாமா?

தேதி குறித்து வைக்க நல்ல கருவி, அவ்வளவுதான். முந்தைய மாதங்களின் சராசரியை வைத்து அது ஊகிக்கிறது. உங்கள் உடம்பு அந்தச் சராசரிப்படி நடக்கவில்லை என்பதுதானே பிரச்சினையே.

உடம்பு காட்டும் அடையாளம் இதைவிட மேல். முட்டை வெளியாகும் நாள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் மாறும். கெட்டியாக, பசைபோல் இருந்தது நீர்த்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழப்பாகி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுபடாமல் நீளும். அந்த நாட்கள்தான் முக்கியமான நாட்கள். துர்நாற்றமோ அரிப்போ இருந்தால் அது தொற்று, இதோடு சேர்க்காதீர்கள்.

காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் பார்ப்பது இன்னொரு வழி. முட்டை வெளியான பிறகு வெப்பம் கால் முதல் அரை டிகிரி செல்சியஸ் வரை ஏறி அப்படியே நிற்கும். ஆனால் வெளியாகி முடிந்த பிறகுதான் அது சொல்லும். அந்த மாதத்துக்கு உதவாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட், சிறுநீரில் எல்எச் என்ற ஹார்மோன் கூடுவதைக் காட்டும். கூடியதிலிருந்து ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வெளியாகும். ஒழுங்கற்ற சுழற்சிக்கு இதில் இரண்டு இடைஞ்சல். என்றைக்குத் தொடங்குவது என்று தெரியாமல் பட்டை பட்டையாகச் செலவாகும். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள சிலருக்கு எல்எச் எப்போதுமே சற்று அதிகமாக இருப்பதால், முட்டை வராத நாளிலும் கிட் 'பாசிட்டிவ்' காட்டும்.

எங்களுக்கு இப்போது குழந்தை வேண்டாம். ஒழுங்காக வராதவர்களுக்குப் 'பாதுகாப்பான நாட்கள்' உண்டா?

இல்லை. இதில் சுற்றி வளைக்க எதுவுமில்லை. நாள் கணக்கை நம்பிக் கருத்தடை செய்கிற முறைகள் 26 முதல் 32 நாள் சுழற்சி உள்ளவர்களுக்காக வகுக்கப்பட்டவை. அதற்கு வெளியே இருப்பவர்கள் அதை நம்பக் கூடாது. பீரியட்ஸ் முடிந்த மறுநாள்கூட சிலருக்குப் பாதுகாப்பானதல்ல. 22 நாளில் அடுத்தது வந்துவிடப்போகிறது என்றால் 8ஆம் நாளிலேயே முட்டை வெளியாகும். 4ஆம் நாள் சேர்ந்ததன் விந்தணு அப்போதும் உயிரோடு இருக்கலாம்.

ஆணுறை, காப்பர் டி, மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் பேசித் தேர்ந்தெடுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் 'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அது பீரியட்ஸை இன்னும் தாறுமாறாக்கும், நிறுத்திய பிறகும் கருத்தரிப்பு திரும்ப, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போட வேண்டும். 'சாயா' என்ற கருத்தடை மாத்திரையும் முதல் சில மாதம் நாளைத் தள்ளிப்போடும்.

நீர்க்கட்டிக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும், எடை குறைத்துக்கொண்டிருக்கிறவர்களும் கூடுதல் கவனமாக இருங்கள். இந்த இரண்டுமே நின்றுபோன முட்டை வெளியேற்றத்தைத் திரும்பத் தொடங்கி வைக்கக்கூடியவை. பீரியட்ஸ் ஒழுங்கானது தெரிவதற்கு முன்னாலேயே கர்ப்பம் தங்கிவிடலாம்.

பீரியட்ஸே வராமல் இருக்கும்போது கர்ப்பம் எப்படித் தங்கும்?

வரிசையைப் பாருங்கள்: முதலில் முட்டை, இரண்டு வாரம் கழித்து பீரியட்ஸ். மூன்று மாதமாக வராத ஒருவருக்கு இன்று முட்டை வெளியானால், அதை அறிவிக்கும் பீரியட்ஸ் இரண்டு வாரம் கழித்துத்தான் வர வேண்டும். நடுவில் கருத்தரித்தால் அதுவும் வராது. அவர் "வழக்கம்போலத் தள்ளிப்போகிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பார். கர்ப்பத்தைத் தாமதமாகக் கண்டுபிடிப்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. தலைச்சுற்றல், குமட்டல், மார்பு கனத்து வலிப்பது, அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத அசதி: இவற்றில் எது இருந்தாலும் ஒரு டெஸ்ட் செய்துவிடுங்கள்.

எனக்கு எப்போதுமே நாள் தள்ளும். கர்ப்ப டெஸ்ட்டை எந்த நாளில் செய்வது?

'நாள் தள்ளிய மறுநாள்' என்ற விதி உங்களுக்கு உதவாது. கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்யுங்கள். அதற்குள் கருத்தரித்திருந்தால் சிறுநீரில் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன், கிட் காட்டும் அளவுக்கு வந்திருக்கும். அதற்கு முன் செய்து 'நெகட்டிவ்' வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் நல்லது. சொட்டுக் குழாயால் கிட்டின் சிறு குழியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, அட்டையில் போட்டிருக்கிற நேரம், பெரும்பாலும் ஐந்து நிமிடம், காத்திருங்கள். 'சி' என்ற இடத்தில் கோடு வராவிட்டால் கிட்டே பழுது. 'சி'யிலும் 'டி'யிலும் கோடு வந்தால், 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். ஆனால் அரை மணி நேரம் கழித்துக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது தெரிகிற சாம்பல் நிறக் கோட்டை நம்ப வேண்டாம்; அது காய்ந்ததால் வருவது.

நெகட்டிவ் வந்தும் பீரியட்ஸ் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அப்போதும் நெகட்டிவ் என்றால் கர்ப்பம் அநேகமாக இல்லை. தள்ளிப்போவதன் காரணத்தைத் தேட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி பார்க்கச் சொல்வார்கள்.

பாசிட்டிவ் வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தக் கசிவு, தோள்பட்டை வலி, மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

மாத்திரை போட்டு பீரியட்ஸை வரவைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஐந்து நாளோ பத்து நாளோ புரோஜெஸ்டெரோன் வகை மாத்திரை கொடுத்து நிறுத்துவார்கள். நிறுத்திய சில நாளில் ரத்தப்போக்கு வரும். அது மாத்திரை நின்றதால் கர்ப்பப்பையின் உட்சவ்வு உரிந்து வருவது. முட்டை வெளியானது என்பதற்கு அது சாட்சி அல்ல. மாத்திரை போட்டு மாதா மாதம் வருகிறது, ஆனாலும் குழந்தை நிற்கவில்லையே என்று மனம் உடைகிறவர்களுக்கு இதை யாராவது முதல் நாளே விளக்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் அந்த மாத்திரைக்கு வேலை இருக்கிறது. மாதக்கணக்கில் வராமல் இருந்தால் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படி விட்டால் புற்றுநோய் ஆபத்துகூட உண்டு. அதனால் மூன்று மாதத்துக்கு மேல் வராமல் விடக் கூடாது. மாத்திரைக்கு முன்னால் கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட் செய்து உறுதிப்படுத்துவது கட்டாயம்.

பப்பாளி, எள்ளுருண்டை, அன்னாசி சாப்பிட்டால் பீரியட்ஸ் வருமா?

எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், சாப்பிடுங்கள். தள்ளிப்போன பீரியட்ஸை வரவைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. கர்ப்பம் வேண்டாம் என்று நினைத்துப் பப்பாளியை நம்பி வாரக்கணக்கில் காத்திருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று சொல்லிவிட்டார்கள். இனி குழந்தை பிறக்காதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அழுகையோடும் வருகிறது. முதலில் பதில்: பிசிஓஎஸ் (நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர்) இருக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் தாயாகிறார்கள்.

உலகம் முழுவதும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். ஸ்கேனில் சினைப்பையின் ஓரமாக வரிசையாகத் தெரிகிற சிறு குமிழ்கள் நோய்க்கட்டிகள் அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்ற முட்டைப்பைகள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை. வெடித்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

ஸ்கேன் மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டவும் கூடாது. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: ஒன்று, மாதவிடாய் ஒழுங்கின்மை; இரண்டு, முகத்தில் முடி, விடாத பரு போன்ற ஆண் ஹார்மோன் அறிகுறிகளோ ரத்தத்தில் அதன் அளவு கூடியிருப்பதோ; மூன்று, ஸ்கேனில் அந்தத் தோற்றம். பீரியட்ஸ் ஒழுங்காக வந்து, வேறு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு ஸ்கேனில் மட்டும் அப்படித் தெரிந்தால் அது பிசிஓஎஸ் அல்ல.

எடை அதிகமாக இருந்தால், 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளியேற ஆரம்பிக்கிறது. 70 கிலோ எடைக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. மெலிந்து நடிகைபோல ஆக வேண்டியதில்லை. தட்டில் சோற்றைக் குறைத்து காய், பருப்பு, முட்டை, மீனைக் கூட்டுவது, தினமும் வேகமாக நடப்பது, இரண்டையும் விடாமல் செய்வது போதும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும்; அவர்களிடம் "எடையைக் குறை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நீர்க்கட்டி இல்லை என்றால் வேறு என்ன காரணம்?

தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் பீரியட்ஸ் கெடும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகும். புரோலாக்டின் என்ற பால் ஹார்மோன் கூடினால் முட்டை வெளியாவது தடைப்படும். பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிவது அதன் அடையாளம். சில மனநல மருந்துகளும் வாந்தி மாத்திரைகளும் இதைக் கூட்டும் என்பதால் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தவர்களுக்கும், அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும், பெரும் துயரத்தில் இருப்பவர்களுக்கும் மூளையிலிருந்து வர வேண்டிய உத்தரவே குறைந்து பீரியட்ஸ் நின்றுவிடும்.

நம் நாட்டில் மறக்கக் கூடாத ஒன்று கர்ப்பப்பைக் காசநோய். இருமலே இல்லாமல், பீரியட்ஸ் மிகக் குறைவாகப் படுவதும் குழந்தை தங்காததும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

40 வயதுக்கு முன்பே சினைப்பை செயல் குறைந்துபோவதும் உண்டு. நாள் தள்ளுவதோடு உடம்பில் திடீர் திடீரென்று சூடு பரவி வியர்த்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். இவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் தானாகக் கருத்தரித்திருக்கிறார்கள். ஆனாலும் இங்கே காலம் முக்கியம்.

ஒரு வருடம் முயன்றுவிட்டு டாக்டரிடம் போனால் போதுமா?

அது ஒழுங்காக வருகிறவர்களுக்குச் சொன்னது: 35 வயதுக்குள் ஒரு வருடம், அதற்கு மேல் ஆறு மாதம். சுழற்சி தெளிவாகத் தவறுகிறவர்கள் குழந்தைக்கு முயலத் தொடங்கும்போதே போகலாம். காத்திருந்து ஒரு வருடத்தை இழக்க வேண்டியதில்லை.

போகும்போது கடைசி ஆறு பீரியட்ஸ் தொடங்கிய தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளையும். தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, தேவைப்பட்டால் ஏஎம்எச் (சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஹார்மோன்) பார்ப்பார்கள். '21ஆம் நாள் புரோஜெஸ்டெரோன்' என்று ஒரு பரிசோதனை உண்டு, முட்டை வெளியானதா என்று காட்டும். அது 28 நாள் சுழற்சிக்கான நாள். 40 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21ஆம் நாளில் எடுத்தால் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து முட்டையே வரவில்லை என்று முடிவு செய்தால் தவறு. அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு எடுக்க வேண்டும். உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

கணவரின் விந்தணுப் பரிசோதனை முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டிய ஒரு மாதிரி, அவ்வளவுதான். மனைவிக்கு ஊசி, குழாய்ப் பரிசோதனை, லேப்ராஸ்கோப்பி வரை போன பிறகும் "எனக்கெல்லாம் ஒன்றும் இருக்காது" என்று கணவர் தட்டிக்கழிப்பதையும், குடும்பம் அதற்கு ஒத்துப்போவதையும் இன்னும் பார்க்க முடிகிறது. இது அநியாயம். மருத்துவரிடம் இருவருமே சேர்ந்து போங்கள்.

முட்டை வளர மாத்திரை கொடுக்கிறார்கள். அது என்ன, பயனுண்டா?

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இன்று முதல் தேர்வு லெட்ரோசோல். சுழற்சியின் தொடக்கத்தில் ஐந்து நாள் சாப்பிடுவது. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஐந்து சுழற்சிகள் வரை லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், பழைய மருந்தான குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. "இது மார்பகப் புற்றுநோய் மருந்தாமே" என்று கூகுளில் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அதற்கும் பயன்படுகிறது, உண்மைதான். இந்தியாவில் 2011இல் குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கத் தடையும் இருந்தது. 2017இல் தடை நீங்கியது.

மாத்திரையோடு 'ஃபாலிக்குலர் ஸ்கேன்' இருக்கும். சில நாள் இடைவெளியில் பிறப்புறுப்பு வழியாக எடுத்து முட்டைப்பை எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். 18ஐத் தாண்டினால் வெளியாகத் தயார். தாளில் '12, 15, 19' என்று ஏறுவதைப் பார்க்கும்போது மனசு குதிக்கும். ஆனால் முட்டை நன்றாக வளர்ந்து வெளியான மாதத்திலும் கர்ப்பம் தங்குவது நாலைந்தில் ஒரு வாய்ப்புதான். ஒழுங்காகப் பீரியட்ஸ் வருகிற இளம் தம்பதிக்கும் மாதத்துக்கு அவ்வளவுதான். முதல் மாதம் தங்கவில்லை என்று மருத்துவமனையை மாற்றாதீர்கள்.

மாத்திரையில் பலிக்காவிட்டால் ஊசி, அதன் பிறகு ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) என்று படிகள் இருக்கின்றன. குழாய் அடைப்போ விந்தணுக் குறைபாடோ இல்லாத, வயது குறைந்த பெண்ணை எடுத்த எடுப்பில் ஐவிஎஃப்புக்குத் தள்ளினால், "ஏன் மாத்திரையில் தொடங்கக் கூடாது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முயலும்போதே வேறு ஏதாவது சாப்பிட வேண்டுமா?

ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், முயலத் தொடங்கும் நாளிலிருந்து. குழந்தையின் தண்டுவடம் உருவாவது பெரும்பாலும் தாய்க்குக் கர்ப்பம் தெரிவதற்கு முன்பே. உங்களுக்கோ தெரிய இன்னும் தாமதமாகும். சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை என்று இருந்தால் அளவை மருத்துவர் கூட்டுவார்.

பால் கொடுக்கிறேன், இன்னும் பீரியட்ஸ் வரவில்லை. தங்குமா?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை, பீரியட்ஸும் திரும்பவில்லை: மூன்றும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஒன்று தவறினாலும் கருத்தடை தேவை.

43 வயது. மூன்று மாதமாக வரவில்லை. நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு வருடம் முழுதாக வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அதுவரை முட்டை எப்போதாவது வெளியாகும். டெஸ்ட் செய்யுங்கள், கருத்தடையையும் நிறுத்தாதீர்கள்.

பாசிட்டிவ் வந்துவிட்டது! ஆனால் ஸ்கேனில் வளர்ச்சி குறைவு என்கிறார்களே?

பதறாதீர்கள். கர்ப்பத்தின் வாரத்தைக் கடைசி பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கணக்கு 14ஆம் நாளில் கருத்தரித்ததாக வைத்துக்கொள்கிறது. உங்களுக்கு 35ஆம் நாளில் முட்டை வெளியாகியிருந்தால் தேதிப்படி ஏழு வாரம், உண்மையில் நாலு வாரம். நாலு வாரக் கருவில் இதயத்துடிப்பு தெரியாது, தெரியவும் கூடாது.

அதனால் முதல் ஸ்கேனின்போதே "எனக்கு 45 நாள், 50 நாளுக்கு ஒருமுறைதான் வரும்" என்று சொல்லிவிடுங்கள். துடிப்பு தெரியவில்லை என்றால், வலியோ அதிக ரத்தப்போக்கோ இல்லாதவரை, ஒன்று இரண்டு வாரம் விட்டு மறு ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் கலைப்பதற்கு மாத்திரை சாப்பிடவோ சுத்தம் செய்யவோ சம்மதிக்க வேண்டாம். முதல் மூன்று மாத ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் தேதிதான் உங்களுக்கான பிரசவத் தேதி. 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அரசு மருத்துவமனையிலோ கர்ப்பத்தைப் பதியும்போது அந்தத் தேதியை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பத்தாம் மாதத்தில் "நாள் தாண்டிவிட்டது, வலி வரவைக்கணும்" என்ற பேச்சு வரும்போது பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.